கணக்கில் வராத பெண்கள்

1874இல் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் ஒரு பாதிரியார், உலகத்தில் உள்ள குடும்பப் பெயர்களெல்லாம் ஒருநாள் அழிந்துபோகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போக வாரத்தில் ஆறு நாள் மிச்சமிருக்கிறதே, மனுஷன் வேறென்ன செய்வார்? பெயர் ஹென்றி வில்லியம் வாட்சன். பெர்க்ஸ்வெல் ஊர்த் தேவாலயம் அவர் பொறுப்பு. ஆள் லேசுப்பட்டவரல்ல. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாவதாக வந்தவர். வாயுக்களின் இயக்கம் பற்றிப் புத்தகம் எழுதியவர். பின்னாளில் ராயல் சொசைட்டியும் அவரைக் கூப்பிட்டு உறுப்பினராக்கிக்கொண்டது.

கேள்வி அவருடையது அல்ல. சார்லஸ் டார்வினுக்கு உறவினரான பிரான்சிஸ் கால்டன், பெரிய மனிதர்களின் குடும்பப் பெயர்கள் ஏன் இப்படி மறைகின்றன என்று விசனப்பட்டு, அதை ஒரு புதிராகப் பத்திரிகையில் போட்டிருந்தார். நம் பாதிரியார் விடையோடு வந்தார். எல்லாப் பெயரும் அழியும், தப்பவே தப்பாது, நிகழ்தகவு ஒன்று.

விடை தப்பு. சமன்பாட்டில் இன்னொரு விடையும் பதுங்கியிருந்தது. முதல் விடை ‘ஒன்று’ என்று வந்ததும் பாதிரியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் அந்தக் கணக்கு முறைக்கு இன்றுவரை கால்டன்–வாட்சன் என்றுதான் பெயர். எல்லாப் பெயரும் அழியும் என்று நிரூபிக்கப் போய்த் தன் பெயரை அழியாமல் ஆக்கிக்கொண்டவர் என்ற வகையில் அவர் ஒருவர்தான் இருக்கவேண்டும்.

இந்தக் கணக்கில் நமக்கு வேண்டிய சங்கதி வேறு. பெயர் ஆண் வாரிசு வழியாகத்தான் போகும் என்பதால் கால்டனும் சரி, வாட்சனும் சரி, மகன்களை மட்டுமே எண்ணினார்கள். மகள்களுக்குச் சமன்பாட்டில் இடமே கிடையாது. பாதிரியார் இதை எழுதிய அதே வீட்டில் லில்லியன், மோட் என்று இரண்டு பெண்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மோட்டுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை.

பாதிரியார் வீடு என்றால் சம்பளம் எப்படியோ, புல்வெளி கட்டாயம் உண்டு. டென்னிஸ் விளையாட இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் வேண்டியிருந்தவை மூன்று: புல்வெளி, ஓய்வு, சலிப்பு. மூன்றும் பாதிரியார் வீடுகளில் வஞ்சனையில்லாமல் கிடைத்தன. கணக்குப் படிக்க வந்த கேம்பிரிட்ஜ் மாணவர்களோடு அக்காவும் தங்கையும் விளையாடிப் பழகினார்கள் என்று சொல்வார்கள். மாணவர்கள் எத்தனை பேர் கணக்கைத் தேற்றினார்களோ, பெண்கள் ஆட்டத்தைத் தேற்றிவிட்டார்கள். 1881இல் எட்ஜ்பாஸ்டனில் மோட் முதன்முதலாகப் போட்டியில் இறங்கினாள். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவள் அக்கா. தங்கை ஜெயித்தாள். அக்காமார்கள் இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளவும்.

இதற்கிடையே லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டன் என்ற ஊரில், வொர்ப்பிள் ரோட்டில் ஒரு கிளப். முதலில் அது குரோக்கே ஆடுபவர்களின் கிளப். மரச்சுத்தியலால் பந்தைத் தட்டித் தட்டி வளையத்துக்குள் அனுப்பும் அந்த ஆட்டத்தைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதாக இல்லை. புல்தரையைச் சமப்படுத்த மட்டக்குதிரை இழுக்கும் உருளை ஒன்று இருந்தது, அதுவும் பழுதாகிவிட்டது. ரிப்பேர் செலவுக்கு என்ன வழி? ஒரு டென்னிஸ் போட்டி நடத்திவிடலாம் என்றார்கள். 1877இல் 22 ஆண்கள் ஆளுக்கு ஒரு கினி கட்டி ஆடினார்கள். நடுவில் லார்ட்ஸ் மைதானத்தில் ஈட்டன் பள்ளிக்கும் ஹாரோ பள்ளிக்கும் கிரிக்கெட் என்பதால் போட்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். அப்புறம் மழை. இன்றைக்கு உலகமே பக்தியோடு பேசும் விம்பிள்டன் மரபின் தலபுராணம் இதுதான்: ஓர் உருளை, ஒரு மட்டக்குதிரை, பள்ளிக்கூடப் பையன்களின் கிரிக்கெட், மழை. கடைசி ஐட்டம் மட்டும் இன்றும் தவறாமல் ஆஜராகிறது.

பெண்களை ஆடவிட வேண்டும் என்று இந்தக் கிளப்புக்கு உறைக்க ஏழு வருஷம் ஆனது. டப்ளினில் 1879லேயே பெண்கள் ஒற்றையர் போட்டி நடந்து, மே லாங்ரிஷ் என்ற 14 வயதுப் பெண் ஜெயித்தும் விட்டாள். விம்பிள்டன் கனவான்கள் அசையவில்லை. 1884இல் ஒருவழியாக மனம் இரங்கினார்கள். ஒரு நிபந்தனையோடு: முதலில் ஆண்களின் ஒற்றையர் முடியட்டும். வில்லியம் ரென்ஷா, ஹெர்பர்ட் லாஃபர்டை மூன்று செட்டில் தோற்கடித்துக் கோப்பையோடு நகர்ந்த பிறகுதான் பெண்களுக்குக் கதவு திறந்தது. நம் கல்யாணப் பந்தியில் கடைசிப் பந்தி யாருக்கு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேர் கொடுத்தவர்கள் 13 பேர். பரிசு என்ன வைப்பது? கமிட்டியின் மூளை இங்கேதான் பிரகாசித்தது. முதல் பரிசு 20 கினி மதிப்புள்ள வெள்ளிப் பூக்கூடை. இரண்டாம் பரிசு 10 கினியில் வெள்ளி வேலைப்பாடு செய்த கைக்கண்ணாடி. தோற்றவளுக்கு எதற்குக் கண்ணாடி? மூஞ்சியைப் பார்த்துக்கொள் என்றா? கமிட்டிக்கு அவ்வளவு குசும்பு இருந்திருக்காது. பெண் என்றால் பூ, பெண் என்றால் கண்ணாடி, அவ்வளவுதான் அவர்களுடைய யோசனை ஓடிய தூரம்.

மோட் அரையிறுதியில் பிளான்ச் பிங்லியிடம் முதல் செட்டை 3–6 என்று விட்டாள். அடுத்த இரண்டையும் 6–4, 6–2 என்று எடுத்துக்கொண்டாள். பிளான்ச் பிங்லி என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் திரும்பத் திரும்ப வருவார், நாமே போதும் என்று சொல்லும்வரை வருவார். இன்னொரு பக்கம் லில்லியனும் அரையிறுதியைக் கடந்துவிட்டாள். ஆக, ஜூலை 19ஆம் தேதி, விம்பிள்டனின் முதல் பெண்கள் இறுதி ஆட்டத்தில் வாட்சனுக்கு எதிரே வாட்சன். அந்தக் குடும்பம் ஜெயிக்கும் நிகழ்தகவு ஒன்று. இந்தத் தடவை விடை சரி.

இரண்டு பேரும் தரையைத் தொடும் வெள்ளைப் பாவாடை. உள்ளே இடுப்பை நெரிக்கும் கச்சு. பின்பக்கம் துணியைத் தூக்கி நிறுத்தும் சட்டகம். தலையில் தொப்பி. இத்தனையையும் உடுத்திக்கொண்டு படியேறினாலே மூச்சு வாங்கும். இவர்கள் மூன்று செட் ஆடினார்கள். லில்லியன் 26 வயதுக்காரி, ஏழு வருஷம் மூத்தவள். முதல் செட் 8–6 அக்காவுக்கு. குடும்ப நியாயம் அந்த இடத்தோடு முடிந்தது. அடுத்த இரண்டு செட்டும் 6–3, 6–3 தங்கைக்கு. பூக்கூடை மோட் கையில், கண்ணாடி லில்லியன் கையில், இரண்டும் ஒரே வண்டியில் பெர்க்ஸ்வெல்லுக்கு. விம்பிள்டன் பெண்கள் சாம்பியன் பட்டியலின் முதல் வரியில் இன்றும் நிற்கும் பெயர் வாட்சன். சமன்பாட்டில் எண்ணப்படாத ஒரு பெண் கொண்டுபோய் நிறுத்திய பெயர். அப்பா இதைக் கவனித்துத் தன் கணக்கைத் திருத்தியதாகத் தகவல் இல்லை.

அடுத்த வருஷமும் மோட்தான். இறுதியில் தோற்றவர் பிளான்ச். ஆனால் பேர் கொடுத்தவர்கள் 13இலிருந்து 10ஆகக் குறைந்துவிட்டார்கள். மோட் அந்தக் காலத்தில் தோற்பதையே மறந்திருந்தாள். எதற்கு வீணாக ஒரு கினி என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

1886இல் கமிட்டி இரண்டு புதுமைகளைக் கொண்டுவந்தது. ஒன்று, சவால் சுற்று. போன வருஷச் சாம்பியன் ஆடவே வேண்டாம். மற்றவர்கள் அடித்துப் புரண்டு ஒருவர் மிஞ்சியதும், அவரோடு ஒரே ஓர் ஆட்டம். ஆண்களுக்கு ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, உடம்பு சூடேறிய ஆளோடு மோதுவது சலுகையா தண்டனையா என்பது அப்போதே சந்தேகம். மோட் உட்கார்ந்திருந்தாள், பிளான்ச் பிங்லி வந்தார், 6–3, 6–3. முடிந்தது.

இரண்டாவது புதுமை, நிரந்தரப் பரிசு. பூக்கூடையோடு திருப்தி அடையாத கமிட்டி 50 கினி கொடுத்து ஒரு வெள்ளித் தட்டு வாங்கியது. கிட்டத்தட்ட 19 அங்குல விட்டம், அங்கங்கே தங்க முலாம். சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தாளிகள் கைகழுவப் பன்னீர் ஊற்றும் வகைத் தட்டு. பூக்கூடை, கைக்கண்ணாடி, பன்னீர்த் தட்டு என்று வரிசையாகப் பார்த்தால் கமிட்டி டென்னிஸ் நடத்தியதா, பெண்ணுக்குச் சீர்வரிசை சேர்த்ததா என்றே சந்தேகம் வரும். தட்டு டென்னிஸுக்காகச் செய்ததும் அல்ல. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பழைய ஈயத் தட்டைப் பார்த்து எல்கிங்டன் கம்பெனி பர்மிங்காமில் 1864இல் செய்த நகல். அதற்கு வீனஸ் பன்னீர்த் தட்டு என்று பெயர். தட்டின் நடுவில் வீனஸ் இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவள் அடக்கம், நிதானம் ஆகியவற்றின் உருவகம். ஓரத்தில் மினர்வாவும் கலைகளும். காதல் தேவியின் பெயரை வைத்து அடக்கத்தின் உருவத்தைக் கொடுத்து அனுப்பும் சாமர்த்தியம் விக்டோரியா காலத்துக்கே உரியது. போகட்டும், தட்டாவது கிடைக்குமா என்றால், ஜெயித்தவர் தூக்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து வந்தவள் அடக்கத்தின் உருவகம் அல்ல. லாட்டி டாட், செஷயர் பக்கத்துப் பெண். 1886இல் பாத் நகரில் மோட் வாட்சனின் 55 ஆட்டத் தொடர் வெற்றிக்கு முடிவு கட்டியபோது லாட்டிக்கு வயது 14. மறுவருஷம் விம்பிள்டனுக்கு வந்தாள். அவளுடைய முதல் ஆயுதம் மட்டை அல்ல, வயது. பள்ளிக்கூடப் பெண் என்பதால் பாவாடை கெண்டைக்கால் அளவில் நின்றது. பெரியவர்கள் குறை சொல்ல வழியில்லை. தலையில் கிரிக்கெட் தொப்பி. மற்றவர்கள் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நடக்க, இவள் ஓடினாள். பெண்கள் கோர்ட்டில் ஓடுவதா என்று ஆண்கள் திகைத்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. சவால் சுற்றில் உட்கார்ந்து காத்திருந்த பிளான்ச் 2–6, 0–6. லாட்டிக்கு 15 வயது. அந்தச் சாதனையை இன்றுவரை எந்தப் பெண்ணும் ஒற்றையரில் முறியடிக்கவில்லை.

பிளான்ச் அதே வருஷம் ஜார்ஜ் ஹில்யார்டைக் கல்யாணம் செய்துகொண்டு, திருமதி ஹில்யார்டாக மறுபடி வந்தார். 1888இல் லாட்டியிடம் தோற்றார். 1891இல் லாட்டியிடம் தோற்றார். 1892இலும் தோற்றார். 1893இல் முதல் செட்டை 8–6 என்று எடுத்தார். மற்றதைச் சொல்ல வேண்டுமா? லாட்டி விம்பிள்டனுக்கு வந்தது ஐந்து தடவை, ஜெயித்தது ஐந்து தடவை, ஐந்திலும் கடைசியாகத் தோற்றது பிளான்ச். இன்னொருவராக இருந்தால் மட்டையை அடுப்பில் வைத்திருப்பார். பிளான்ச்சின் வழி வேறு. லாட்டி வராத வருஷமாகப் பார்த்து ஜெயிப்பது.

1889இல் லாட்டி ஸ்காட்லாந்துப் பக்கம் பாய்மரப் படகில் போய்விட்டாள். சாம்பியன்ஷிப்பா, கடற்காற்றா என்று பார்த்ததில் காற்றுக்கு வெற்றி. பிளான்ச் இறுதிக்கு வந்தார். எதிரே அயர்லாந்தின் திப்பெரரியிலிருந்து லீனா ரைஸ். லீனாவுக்கு மூன்று மேட்ச் பாயின்ட் கிடைத்தது. மூன்றையும் விட்டார். பிளான்ச்சுக்குத் தட்டு. மறுவருஷம் பிளான்ச்சும் வரவில்லை, லாட்டியும் வரவில்லை. பேர் கொடுத்தவர்களே மொத்தம் நான்கு பேர். நான்கு பேர் என்றால் நம் ஊரில் கேரம் போர்டுக்குச் சரியாக இருக்கும். லீனா ரைஸ் இரண்டே ஆட்டம் ஆடி விம்பிள்டன் சாம்பியன் ஆனார். அயர்லாந்திலிருந்து ஒற்றையர் பட்டம் வாங்கிய ஒரே பெண் இன்றும் அவர்தான். சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் முந்தின வருஷம் கைநழுவிய அந்த மூன்று பாயின்ட்டோடு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு, கப்பலேறித் திரும்பி வந்தவர் என்று பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்குகிறது. மற்றவர்கள் வராதது அவர் குற்றமா?

லாட்டிக்கு 1893க்குப் பிறகு டென்னிஸ் அலுத்துவிட்டது. வயது 22கூட ஆகவில்லை. பனிச்சறுக்கு, பனிச்சரிவில் சறுக்குவண்டி, இங்கிலாந்து அணிக்கு ஹாக்கி, 1904இல் பிரிட்டிஷ் பெண்கள் கோல்ஃப் பட்டம், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளி. ஒரு வேலையைப் பிடித்தால் அதிலேயே இரு என்று சொல்லும் பெரியவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை போலிருக்கிறது.

பிளான்ச்சோ அதிலேயே இருந்தார். லாட்டி ஒதுங்கியதும் 1894இல் பட்டம், 1897இல் பட்டம், 1899, 1900. முன்பு வாங்கிய இரண்டையும் சேர்த்தால் ஆறு. இறுதி ஆட்டங்கள் பதின்மூன்று. 1912இல், 48 வயதில், அரையிறுதிவரை வந்தார். 1884இல் மோட் வாட்சனிடம் அரையிறுதியில் தோற்ற அதே அம்மாள்! இதற்குள் கணவர் ஜார்ஜ் அந்தக் கிளப்பின் செயலாளரே ஆகிவிட்டார். வீட்டில் டென்னிஸ் தவிர வேறு பேச்சு இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நடுவில் சார்லட் கூப்பர் ஐந்து பட்டம் வாங்கினார். 26 வயதில் காது கேட்காமல் போன பிறகும் ஆடியவர்; கடைசிப் பட்டம் 1908இல், 37 வயதில். 1905இல் மே சட்டன் கலிபோர்னியாவிலிருந்து வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். முழங்கையைப் பார்த்து லண்டன் பதறியது. அப்புறம் டொரோத்தியா லம்பர்ட் சேம்பர்ஸ். ஈலிங் பாதிரியாரின் மகள்! பாதிரியார் வீட்டுப் புல்வெளி மறுபடி வேலை செய்தது. ஏழு பட்டம். 1911 இறுதியில் டோரா பூத்பிக்கு ஒரு கேம்கூட விடாமல் 6–0, 6–0. பரிதாபத்துக்காவது ஒன்று விட்டிருக்கலாம். விடவில்லை. பாதிரியார் மகள்களிடம் கருணையை எதிர்பார்த்து இந்தப் போட்டிக்கு யாரும் வரக்கூடாது.

உலகப்போர் முடிந்து 1919இல் போட்டி திரும்பத் தொடங்கியபோது சாம்பியன் இன்னும் அவர்தான். 1914இல் வாங்கிய பட்டம் ஐந்து வருஷமாக அப்படியே இருந்தது. வயது 40. எதிரே பிரான்ஸிலிருந்து வந்த 20 வயது சுசான் லாங்லென். கோர்ட்டில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் பந்தை விழவைக்கச் சொல்லி வளர்த்த அப்பாவின் மகள். கச்சு கிடையாது, பாவாடை கெண்டைக்காலோடு சரி, கை வெறும் கை. வலைக்கு அந்தப் பக்கம் சேம்பர்ஸ், மணிக்கட்டுவரை சட்டை. ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் செட் 10–8 சுசானுக்கு. இரண்டாவது 6–4 சேம்பர்ஸுக்கு. மூன்றாவதில் சுசான் தள்ளாடத் தொடங்க, அரங்கில் உட்கார்ந்திருந்த அப்பா ஒரு வெள்ளிக் குப்பியைத் தூக்கிப் போட்டார். உள்ளே பிராந்தி. மன்னர் முன்னிலையில், மத்தியானத்தில், அடக்கத்தின் உருவம் பொறித்த தட்டுக்காக ஆடும் போட்டியில் மகள் ஒரு மடக்கு விட்டுக்கொண்டு மட்டையை எடுத்தாள். கமிட்டிக்காரர்கள் முகத்தை யாராவது ஓவியமாகத் தீட்டியிருக்கக் கூடாதா!

சேம்பர்ஸ் 6–5இல் இரண்டு மேட்ச் பாயின்ட் வரை போய்விட்டார். அதில் ஒன்றில் சுசானின் மட்டைச் சட்டத்தில் பட்ட பந்து எப்படியோ வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. திறமை, பயிற்சி, கைக்குட்டை எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பந்து விழுந்ததற்குக் காரணம் மரச்சட்டமும் பிராந்தியும்தான் என்று நான் நம்புகிறேன். 9–7. மொத்தம் 44 கேம். அதுவரை பெண்கள் இறுதி ஆட்டம் எதுவும் அவ்வளவு நீண்டதில்லை.

சுசான் ஆறு பட்டம் வாங்கினார். 1926 விம்பிள்டனுக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. பழைய சாம்பியன்களை வரவழைத்து வரிசையில் நிற்கவைத்து மன்னரும் ராணியும் பதக்கம் கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டிய மோட் வாட்சனும் வந்திருந்தார். அப்போதும் வாட்சன்தான், அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மகள்கள் கல்யாணத்தோடு பெயரைத் தொலைத்துவிடுவார்கள் என்று நம்பித்தானே அப்பா அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

விழா முடிந்த கையோடு ரகளை. மேரி ராணி சுசானின் ஆட்டத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். சுசானைக் காணோம். ஆட்ட நேரத்தை மாற்றியது தனக்குத் தெரியாது என்றார், வந்ததும் கமிட்டியோடு வாக்குவாதம், அழுகை, ஆடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ராணியைக் காக்கவைத்தவள் என்று கூட்டம் முறைத்தது. சுசான் ஒற்றையரிலிருந்து விலகி ஊரைப் பார்க்கப் போனார். பிறகு அந்தக் கோர்ட்டுக்கு ஆட வரவே இல்லை.

அந்த வருஷமே சி.சி. பைல் என்ற அமெரிக்க வியாபாரி 50,000 டாலர் கொடுத்து அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்தார். காசுக்கு ஆடுவதா, என்ன அபச்சாரம் என்று விம்பிள்டன் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்தது. டாலரைப் பறிக்க வழியில்லை, கொடுத்தவர் பைல்.